வானத்தில் புள்ளி, மூலையில் இருட்டு: ஒளிப்படக் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வடசென்னை வாசகர்கள் அனுப்பிய ஒளிப்படக் கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டு குறைகளைப் பற்றியவை: படத்தில் விழும் கரும்புள்ளி, மூலைகளில் படரும் இருட்டு. இரண்டும் ஒரே இனம் போலத் தோன்றினாலும் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்றினால் எதிரெதிராக நடந்துகொள்கின்றன. துளையைச் சுருக்கச் சுருக்கப் புள்ளி துலங்கிக்கொண்டே வரும். லென்ஸால் வரும் மூலை இருட்டோ விலகிக்கொண்டே போகும். கீழே உள்ள பதில்கள் பலவற்றுக்கு இதுவே தொடக்கம்.

கேள்வி (காசிமேடு வாசகர்): மீன்பிடித் துறைமுகத்தில் காலை நேரத்தில் படகுகள் கரைசேர்வதை மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத) கேமராவில் படமெடுத்து வருகிறேன். சில வாரங்களாக எல்லாப் படங்களிலும் வானத்தின் இடது மேற்புறத்தில் சாம்பல் நிறத்தில் மூன்று புள்ளிகள் விழுகின்றன. லென்ஸை எவ்வளவு துடைத்தும் அவை போகவில்லை. வீட்டிற்குள் எடுக்கும் படங்களில் மட்டும் அவை தெரிவதில்லை. லென்ஸ் கெட்டுவிட்டதா?

பதில்: லென்ஸ் கெடவில்லை. வீட்டிற்குள் தெரிவதில்லை என்று நீங்கள் எழுதிய வரியிலேயே விடை இருக்கிறது. வீட்டிற்குள் வெளிச்சம் போதாததால் எஃப்/2.8 அல்லது எஃப்/4 என்று துளையை அகலத் திறந்து எடுத்திருப்பீர்கள். துறைமுகத்தில் முன்னால் நிற்கும் படகு முதல் தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக விழவேண்டும் என்று எஃப்/11, எஃப்/16 வரை சுருக்கியிருப்பீர்கள். கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாருக்கு முன்னால் மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்று இருக்கிறது. தூசி ஒட்டுவது சென்சாரின் மேல் அல்ல, இந்தத் தகட்டின் மேல்தான். அதன் நிழல் சிறிது இடைவெளியைக் கடந்து சென்சாரில் விழுகிறது. துளை அகலமாக இருந்தால் ஒளி பல கோணங்களிலிருந்து வந்து அந்த நிழலைக் கரைத்துவிடும். துளை சிறிதானால் ஒளி ஏறக்குறைய ஒரே திசையில் வருவதால் நிழல் தெளிவாகப் பதியும். நீளமான ட்யூப் லைட்டின் கீழ் விரலின் நிழல் ஓரம் கலங்கித் தெரிவதும், சிறிய ஒற்றை பல்பின் கீழ் அதே நிழல் கத்தரித்தாற்போல் விழுவதும் இதே காரணத்தால்தான். லென்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டும் தூசி இப்படிப் புள்ளியாகப் பதிவது மிக அரிது. அது குவியத்திற்கு வெகு தொலைவில் இருப்பதால் படத்தைச் சற்று வெளிறச் செய்வதோடு நின்றுவிடும். ஆகவே இனிமேல் லென்ஸைத் துடைத்துத் தேய்க்க வேண்டாம்.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை போதும். அப்பர்ச்சரை எஃப்/16, ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) 100 என்று வைத்து, ஃபோகஸைக் கையால் திருப்பிக் காட்சியைக் கலங்கடித்து, மேகமில்லாத வானத்தையோ வெள்ளைத் தாளையோ சட்டம் நிறைய எடுங்கள். சூரியனை நோக்கி மட்டும் கேமராவைத் திருப்ப வேண்டாம். ஷட்டர் (சென்சாரை மூடித் திறக்கும் திரை) மெதுவாக ஓடினால் கவலை இல்லை. அந்த நேரத்தில் கேமராவை லேசாக அசைப்பது நல்லதுகூட, ஏனென்றால் தாளில் உள்ள கறை அசைவில் அழிந்துவிடும், கேமராவுக்குள் இருக்கும் தூசி மட்டும் அசையாமல் நிற்கும். பிறகு வேறொரு லென்ஸைப் பொருத்தி அதேபோல எடுத்துப் பாருங்கள். புள்ளிகள் அதே இடத்தில் இருந்தால் அவை தகட்டின் மேல்தான் இருக்கின்றன.

தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். லென்ஸ் காட்சியைத் தலைகீழாகத்தான் சென்சாரில் வீழ்த்துகிறது. எனவே படத்தின் இடது மேற்புறத்தில் தெரியும் புள்ளிக்கான தூசி, கேமராவை நிமிர்த்தி வைத்து லென்ஸைக் கழற்றிய அதன் வாய் வழியாக நீங்கள் எதிரே நின்று பார்க்கும்போது, இடது கீழ்ப்புறத்தில் இருக்கும். மேல்கீழ் மாறும், இடவலம் மாறாது.

முதலில் மெனுவில் உள்ள சென்சார் சுத்தம் செய்யும் வசதியைச் சில முறை இயக்குங்கள். தகட்டை மீயொலி அதிர்வால் உதறும் இந்த ஏற்பாடு 2003-இல் ஒலிம்பஸ் இ-1 கேமராவில் வந்து, பின்னர் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களுக்கும் பரவியது. உலர்ந்த தூசியை அது உதிர்க்கும்; ஒட்டிப்பிடித்ததை ஒன்றும் செய்யாது. அடுத்தது ரப்பர் புளோயர். மின்விசிறி ஓடாத அறையில், பேட்டரி முழுவதும் ஏறிய கேமராவின் வாயைத் தரையை நோக்கிக் கவிழ்த்துப் பிடித்து, புளோயரின் மூக்கு உள்ளே நுழையாதவாறு கீழிருந்து மேலாக ஊதினால், கிளம்பும் தூசி தானே வெளியே விழுந்துவிடும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கணினி துடைக்க விற்கும் அழுத்தக் காற்றுக் குப்பியிலிருந்து சில சமயம் திரவம் பீய்ச்சி, தகட்டில் அதைவிடப் பெரிய கறையாக உறைந்துவிடும். இரண்டும் வேண்டவே வேண்டாம்.

துறைமுகத்திற்குத் தினமும் போகிறவர் என்பதால் உங்களுக்கு இன்னொரு சந்தேகமும் எழ வேண்டும். கடல் காற்றில் வரும் நுண்துளி தகட்டில் பட்டுக் காய்ந்தால் உப்புத் துகளாக நின்றுவிடும். அது ஊதினாலும் போகாது. உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். அதற்கு ஈரச் சுத்தம்தான் வழி. சென்சாரின் உயரத்திற்கு ஏற்ற ஸ்வாப் (துடைப்புக் குச்சி), அதாவது பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு 24 மில்லிமீட்டர் அகலமும் அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 16 மில்லிமீட்டர் அகலமும் உள்ளதை வாங்கி, அதற்கென்றே விற்கும் திரவத்தில் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பாக இழுத்து, திருப்பிப் பிடித்து மறுபக்கத்தால் ஒருமுறை இழுத்தபின் ஸ்வாபை எறிந்துவிட வேண்டும். சென்சாரே அசைந்து நடுக்கத்தைச் சரிசெய்யும் கேமராவானால் அழுத்தம் இன்னும் குறைவாக இருக்கட்டும். ஊதுவதை யாரும் வீட்டிலேயே செய்யலாம். ஈரச் சுத்தத்தை முதல்முறை சர்வீஸ் சென்டரில் கொடுத்துச் செய்துகொள்வதே நல்லது என்பது என் கருத்து.

மிரர்லெஸ் கேமராவில் லென்ஸைக் கழற்றிய கணமே சென்சார் வெளியே தெரியும். கேமராவை அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும் வசதி சில மாடல்களில் உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள். ஐஸ் உடைபடும் இடத்திலும் டீசல் புகை சூழ்ந்த படகுத் துறையிலும் லென்ஸ் மாற்றுவதைவிட, அன்றைக்கு வேண்டிய லென்ஸை வீட்டிலேயே பொருத்திக்கொண்டு புறப்படுவது மேல்.

கேள்வி (தண்டையார்பேட்டை வாசகர்): வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத எஸ்எல்ஆர் கேமரா என்னுடையது. நான் லென்ஸைக் கழற்றுவதே இல்லை. இருந்தும், நடுவில் சற்று வெளிறி ஓரம் கறுத்த சிறு வட்டங்கள் படத்தில் விழுகின்றன, ஊதியும் போகவில்லை. எப்படி உள்ளே போயிருக்கும்?

பதில்: எல்லாப் புள்ளியும் வெளியிலிருந்து வருவதில்லை. ஷட்டரும், எஸ்எல்ஆரில் லென்ஸுக்குப் பின்னால் உள்ள பிரதிபலிப்புக் கண்ணாடியும் ஒவ்வொரு படத்திற்கும் அடித்துத் திரும்பும் உறுப்புகள். அவற்றில் உள்ள மசகு எண்ணெய் நுண்துளியாகத் தெறித்துத் தகட்டில் படிவதுண்டு. நீங்கள் சொல்லும் வடிவம் எண்ணெய்த் துளிக்கே பொருந்துகிறது. 2012-இல் வெளியான நிகான் டி600 கேமராவில் இத்தகைய புள்ளிகள் பெரும் புகாராகி, 2014-இல் அந்நிறுவனம் ஷட்டர் பகுதியை இலவசமாகவே மாற்றிக் கொடுத்தது. எண்ணெய்க்கு ஈரச் சுத்தம் மட்டுமே பயன்படும். வாரன்டி இருக்கும்போது நீங்களாகக் கை வைக்காமல், எஃப்/16-இல் எடுத்த வெள்ளைத் தாள் படத்தோடு சர்வீஸ் சென்டருக்குச் செல்லுங்கள். துடைத்த சில மாதங்களில் மீண்டும் அதே அளவுக்கு வந்தால் ஷட்டரைப் பார்க்கச் சொல்லலாம். முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கையில் புள்ளி ஒரே ஒரு பிக்சல் அளவில், எந்த அப்பர்ச்சரிலும் மாறாமல், ஓரம் கூர்மையாக இருந்தால் அது தூசியோ எண்ணெயோ அல்ல, செயலிழந்த பிக்சல். அதைப் பல கேமராக்களில் மெனுவில் உள்ள பிக்சல் மேப்பிங் வசதி மூலம் மறைத்துவிடலாம்.

கேள்வி (ராயபுரம் வாசகர்): லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளை நூல் போலக் கிளை கிளையாகத் தெரிகிறது. இதுதான் படத்தில் புள்ளியாக விழுகிறதா?

பதில்: இல்லை. நீங்கள் பார்ப்பது பூஞ்சை. அது புள்ளியாக விழுவதைவிட, வெளிச்சத்தை நோக்கி எடுக்கும் படங்களை மங்கலாக்கும். விட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும் என்பதால் விரைவில் பிரித்துத் துடைக்கக் கொடுங்கள். கடலோர வீடுகளில் லென்ஸைத் தோல் பையில் பூட்டி வைப்பது பூஞ்சைக்குச் சோறு போடுவதுதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பத மானியும் போட்டு, 40 முதல் 50 சதவீதத்திற்குள் ஈரம் நிற்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வண்ணாரப்பேட்டை வாசகர், திருமணப் படங்கள் எடுப்பவர்): 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸில் எடுக்கும் படங்களில் நான்கு மூலைகளும் இருண்டுவிடுகின்றன. ஓரத்தில் நின்ற உறவினர்களின் முகம் கறுத்திருக்கிறது என்று பெண் வீட்டார் குறைப்பட்டுக்கொண்டார்கள். லென்ஸை மாற்ற வேண்டுமா?

பதில்: அந்த லென்ஸை விற்றுவிடாதீர்கள். துளை முழுவதும் திறந்திருக்கையில் மூலை இருள்வது ஏறக்குறைய எல்லா லென்ஸுக்கும் உள்ள இயல்பு. கேமராவிலிருந்து கழற்றிய லென்ஸை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரியும். மெல்லச் சாய்த்தால் அந்த வட்டம் இருபுறமும் நறுக்கப்பட்டு, கண் வடிவில் ஒடுங்கும். படத்தின் மூலைக்குச் செல்லும் ஒளி அந்த ஒடுங்கிய வழியாகத்தான் போகவேண்டும். துளையை எஃப்/4 வரை சுருக்கினால், சிறிய துளை லென்ஸின் குழாய் விளிம்பில் இடிபடாததால் மூலைக்கும் நடுவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளி கிடைக்கும். இதைத் தவிர, சாய்ந்து விழும் ஒளி இயல்பாகவே குறையும் என்ற விதியும் இருக்கிறது: 45 பாகை சாய்வில் நடுப்பகுதியின் ஒளியில் கால் பங்குதான் சென்று சேரும். அகலக் கோண லென்ஸ்களில் எவ்வளவு சுருக்கினாலும் மூலையில் சிறிது இருட்டு மிஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மணமக்களை மட்டும் எடுக்கும் படத்தில் இந்த இருட்டு குறையே அல்ல. கண்ணை முகத்திற்கு இழுத்து வருவதால் அதை வேண்டுமென்றே சேர்ப்பவர்களும் உண்டு. மேடையில் இருபது பேரை வரிசையாக நிறுத்தும் படத்தில்தான் அது வினையாகிறது, ஏனென்றால் அங்கே மூலையில் நிற்பது சுவர் அல்ல, யாரோ ஒருவரின் சித்தப்பா. குழுப்படத்திற்கு எஃப்/5.6 வையுங்கள், வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், இரண்டடி பின்னால் போய் இருபுறமும் வெற்றிடம் விட்டு எடுத்துப் பிறகு நறுக்குங்கள். கேமராவிலேயே ஓர ஒளியைச் சரிசெய்யும் வசதி இருந்தால் இயக்கி வையுங்கள். பல கேமராக்களில் அது ஜேபெக் படங்களைத்தான் திருத்தும். ரா கோப்பில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பில்) எடுப்பவர்கள் கணினி மென்பொருளில் அந்த லென்ஸுக்குரிய திருத்தமான லென்ஸ் புரொஃபைலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த வழியானாலும் இருண்ட மூலையை வெளிச்சமாக்கும்போது அங்கே குறுணை (புள்ளி புள்ளியான சொரசொரப்பு) ஏறும் என்பதால், எடுக்கும்போதே துளையைச் சுருக்குவதற்கு அது மாற்றாகாது.

எஃப்/8 வைத்தும் மூலைகள் கருமையாகவே நின்றால் ஏதோ ஒரு பொருள் குறுக்கே நிற்கிறது என்று பொருள். லென்ஸின் முனையில் மாட்டும் இதழ் வடிவ ஹூடை (வெளிச்ச மறைப்பை) கால் சுற்றுத் தவறாகத் திருகியிருக்கலாம், அல்லது ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஃபில்டர்கள் இருக்கலாம். ஏபிஎஸ்-சி கேமராவுக்கான லென்ஸை ஃபுல் ஃபிரேம் கேமராவில் மாட்டினால் படமே கறுப்புச் சட்டத்துக்குள் வட்டமாக விழும், ஏனென்றால் அந்த லென்ஸ் சுமார் 28 மில்லிமீட்டர் மூலைவிட்டத்திற்கு ஒளி வீசவே செய்யப்பட்டது. ஃபுல் ஃபிரேமின் மூலைவிட்டம் 43 மில்லிமீட்டர்.

கேள்வி (வியாசர்பாடி வாசகி): மகளின் பிறந்தநாளில் எடுத்த படங்களில் கீழே நடுவில் அரைவட்ட நிழல் விழுந்திருக்கிறது. பகலில் எடுத்தவற்றில் இல்லை.

பதில்: கேமராவின் தலையில் எழும் சிறிய ஃபிளாஷின் ஒளியை லென்ஸின் ஹூட் மறைத்திருக்கிறது. ஃபிளாஷ் போடும்போது ஹூடைக் கழற்றுங்கள். நீளமான ஜூம் லென்ஸானால் ஹூட் இல்லாமலேயே அகலக் கோணத்தில் அந்த நிழல் விழும். சற்று ஜூம் செய்து, இரண்டு மூன்றடி விலகி எடுங்கள். நிழல் வளைவாக இல்லாமல் படத்தின் ஓரம் முழுவதும் நேர்க்கோடாக இருந்தால் காரணம் வேறு: ஷட்டர் வேகம் ஃபிளாஷுக்கு உரிய எல்லையைத் தாண்டியிருக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் அந்த எல்லை 1/200 விநாடிக்கு அருகில் இருக்கும்.

கேள்வி (பெரம்பூர் வாசகர்): செல்போனில் அகலக் கோணத்தில் எடுத்தால் மட்டும் ஒரே ஒரு மூலை கறுக்கிறது.

பதில்: போனின் உறையைக் கழற்றிவிட்டு எடுத்துப் பாருங்கள். வேறு மாடலுக்கான உறையாக இருந்தால் அதன் விளிம்பு அகலக் கோண லென்ஸின் பார்வைக்குள் நுழைந்துவிடும்.

கேள்வி (எண்ணூர் வாசகர்): முகத்துவாரத்தில் போலரைசர் ஃபில்டர் போட்டு 16 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் வானத்தின் ஒரு பகுதி அடர்நீலமாகவும் மற்றப் பகுதி வெளிறியும் இருக்கிறது. சென்சார் குறையா?

பதில்: குறை எதுவும் இல்லை, வானமே அப்படித்தான் இருக்கிறது. சூரியனிலிருந்து 90 பாகை விலகிய பட்டையில்தான் வான ஒளி மிகுதியாகத் துருவப்பட்டிருக்கும் (ஒரே தளத்தில் அதிரும்), அதைத்தான் போலரைசர் கறுக்கடிக்கும். காலையில் சூரியன் கடலின் மேல் தாழ்ந்து நிற்கையில் அந்தப் பட்டை வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கு வரை வளைந்து செல்லும். பழவேற்காட்டுப் பக்கம் திரும்பி வடக்கு நோக்கி அகலமாக எடுத்தால் நடுவானம் கறுத்து, இருபுறமும் வெளிறுவதைத் தவிர்க்க முடியாது. போலரைசரின் வளையத்தைப் பாதியளவு மட்டும் திருப்புங்கள், அல்லது 35 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட லென்ஸுக்கு மாறுங்கள். நான்கு மூலைகளும் சேர்ந்து கறுத்தால் ஃபில்டரின் சட்டம் தடிமனாக இருக்கிறது. மெல்லிய சட்டம் உள்ளதை வாங்க வேண்டும்.

கேள்வி (கொருக்குப்பேட்டை வாசகர்): சென்சார் சுத்தம் செய்தாகிவிட்டது. அதற்கு முன் எடுத்த சில நூறு படங்களில் உள்ள புள்ளியை ஒவ்வொன்றாகத்தான் அழிக்க வேண்டுமா?

பதில்: தூசி ஒரே இடத்தில் இருந்ததால் உங்கள் வேலை எளிது. லைட்ரூம் போன்ற மென்பொருளில் வானம் தெளிவாக உள்ள ஒரு படத்தில் புள்ளிகளை அழித்து, அந்தத் திருத்தத்தை மற்றப் படங்களுக்கும் ஒருசேரப் பிரதி செய்துவிடலாம். நறுக்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். அகலத் துளையில் எடுத்த படங்களைச் சேர்க்க வேண்டாம், அவற்றில் புள்ளியே இருக்காது. செய்து முடித்தபின் முகம், புடவைக் கரை, எழுத்துப் பலகை ஆகியவற்றின் மேல் திருத்தம் விழுந்த படங்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றைக் கையால் சரிசெய்யுங்கள்.