மூணாறு வரையாட்டுப் பூங்காவுக்குத் தனி வண்டி, தனி வழிகாட்டி: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது?

கேள்வி: சென்னை வில்லிவாக்கத்தில் இருக்கிறோம். பிப்ரவரி கடைசியில் மூணாறில் 2 இரவு தங்கி, அதில் ஒரு நாள் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குத் தனி வண்டி, தனி வழிகாட்டியோடு போக ஏஜென்ட் ஒருவர் பேக்கேஜ் சொல்கிறார். நாங்கள் 6 பேர். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. மகளுக்கு 9 வயது. மலைப் பாதையில் வாந்தி எடுப்பாள். கேட்கும் பணத்துக்கு இது தகுமா? எதையெல்லாம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்?

பதில்: முன்பணம் கொடுக்கும் முன் தேதியை மாற்றுங்கள். வழக்கமாக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் இரவிகுளம் மூடியிருக்கும். வரையாடுகள், அதாவது மலைப் பாறைகளில் வாழும் காட்டாடுகள், குட்டி ஈனும் காலம் அது. சரியான தேதிகளைக் கேரள வனத்துறை ஒவ்வொரு ஆண்டும் அறிவிக்கும். சில நாள் முன்பின் ஆகலாம், ஆனால் பிப்ரவரி கடைசியில் திறந்திருக்கும் என்று நம்பிக் கிளம்ப முடியாது. பிறந்து சில நாளே ஆன குட்டியால் தாயின் வேகத்துக்குப் பாறையில் ஏற முடியாது. ஆள் நடமாட்டத்தால் தாய் மிரண்டு ஓடினால் குட்டி தனித்துப் போய்விடும். அதற்காகத்தான் இந்த அடைப்பு. பிப்ரவரிக்கு இந்தப் பூங்காவைச் சொல்லிப் பேக்கேஜ் போடுபவருக்கு இது தெரியவில்லை, அல்லது அங்கே போனபின் வேறு இடத்தைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று இருக்கிறார். இரண்டில் எதுவானாலும், மற்ற விவரங்களை எழுத்தில் வாங்காமல் அவரிடம் பணம் கட்டாதீர்கள்.

எந்த மாதம் போகலாம்? சென்னைக்காரர்கள் இங்கேதான் அடிக்கடி ஏமாறுகிறார்கள். நமக்கு மழை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூன், ஜூலையில் இங்கே வெயில் கொளுத்துவதால் அந்தச் சமயத்தில் மலைக்கு டிக்கெட் போடுகிறோம். மூணாறுக்குப் பெருமழை கொட்டுவதே ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். மண்சரிவால் சாலை அடைபடுவதும் அப்போதுதான் அதிகம். உங்கள் வீட்டுக்கு இரண்டு வாய்ப்பு சொல்வோம். ஒன்று, மகளின் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலில், மே மாதக் கூட்டம் சேரும் முன். அடைப்பு நீங்கிய புதிது என்பதால் மந்தைகளில் சின்னக் குட்டிகள் இருக்கும். இன்னொன்று, செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை. பொங்கலுக்குப் பூங்கா பொதுவாகத் திறந்திருக்கும், வானமும் தெளிவாக இருக்கும். ஆனால் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூணாறு சுற்றுவட்டாரத்தில் சில விடியற்காலைகளில் உறைபனியே விழும். மூட்டு வலி உள்ளவருக்கு அந்தக் குளிர் வேண்டாம்.

‘குறிஞ்சி சீசன்’ என்று யாராவது கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். மலைச்சரிவு முழுக்க நீலமாக்கும் அந்தக் குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். இரவிகுளத்தில் 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. இடையில் அங்கங்கே தெரியும் நீலப் பூ அதே குடும்பத்து வேறு செடியாக இருக்கும்.

இனி, நீங்கள் கேட்ட ‘தனி’ என்ற விஷயம். எவ்வளவு பெரிய பேக்கேஜ் எடுத்தாலும் உங்கள் வண்டி பூங்கா வாசலோடு நின்றுவிடும். மூணாறு டவுனிலிருந்து மறையூர் ரோட்டில் போனால் டிக்கெட் கவுன்டர் வரும். அங்கிருந்து, பூங்காவில் பயணிகளை விடும் பகுதியான ராஜமலை வரை எல்லோருக்கும் ஒரே ஏற்பாடுதான், வனத்துறை பஸ். பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தார் ரோட்டில் மேலே நடக்கலாம். அதே வழியில் திரும்ப வேண்டும். ரோட்டை விட்டுப் புல்வெளியில் கால் வைக்க யாருக்கும் அனுமதி இல்லை, வழிகாட்டிக்கும் இல்லை. எதிரே நிற்கும் ஆனைமுடி 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரம். அதில் ஏற்றிவிடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது பொய். சுற்றுலாப் பயணிகளை அங்கே விடுவதில்லை.

ஆக, பூங்காவுக்குள் தனி வழிகாட்டிக்கு என்று தனிப்பட்ட பாதையோ தனி இடமோ கிடையாது. வாசலிலிருந்து நடக்கும் ரோடு முடியும் இடம் வரை வனத்துறை ஆட்கள் நிற்கிறார்கள். ‘தமிழ் பேசும் வழிகாட்டி’ என்பதற்கும் கூடுதல் காசு தேவையில்லை. மூணாறு எஸ்டேட்டுகளில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். டிரைவர், கடைக்காரர் எல்லோரிடமும் தமிழிலேயே பேசலாம். இந்த இடத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியது நேரத்தை. முதல் பஸ், அல்லது அதற்கு அடுத்தது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பு இருக்கிறது. நேர வாரியாக ஆன்லைனில் டிக்கெட் விற்கிறார்கள். காலை முதல் ஸ்லாட்டை உங்கள் பெயரில் எடுத்துத் தருகிறாரா என்பதுதான் ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எடுத்துத் தந்தால் அந்த டிக்கெட்டை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் வாங்கி, தேதியையும் ஆள் எண்ணிக்கையையும் சரிபாருங்கள். இதை நீங்களே வீட்டிலிருந்து வனத்துறைத் தளத்தில் எடுத்துவிட்டால் பேக்கேஜில் மிஞ்சுவது வண்டி மட்டும்தான்.

காலையில் போகச் சொல்வதற்குக் கூட்டம் மட்டும் காரணமில்லை. ராஜமலையில் முற்பகலுக்குப் பிறகு மூடுபனி ஏறத் தொடங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாமல் போகலாம். வரையாடும் காலையில்தான் புல் மேய ரோட்டோரம் வரை இறங்கும். வெயில் ஏறினால் பாறை நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாட்டு, கேரளப் பகுதிகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. அவ்வளவு தூரம் போய், ‘ஆடு பார்த்தோம்’ என்று பஸ் ஏறிவிடாதீர்கள். மகளுக்குக் காட்ட வேண்டியவை நிறைய. முதுகில் சேணம் போட்டதுபோல வெளிர்சாம்பல் திட்டு உள்ள கரும்பழுப்பு ஆடு இருந்தால் அது முதிர்ந்த கடா. பெட்டையும் இளங்கடாவும் சாம்பல் கலந்த பழுப்பு. கொம்பு இரண்டுக்கும் உண்டு, பின்பக்கம் வளைந்து. கடாவுக்குத் தடிமன் அதிகம். மந்தை மேயும்போது ஒரு பெட்டை மட்டும் தலையைத் தூக்கி நின்றால் அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆபத்து என்று பட்டால் விசில் போல ஒரு ஒலி எழுப்பும். மொத்த மந்தையும் பாறைப் பக்கம் திரும்பிவிடும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8x42 பைனாகுலர் ஒன்றை இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள். எதிர்ச்சரிவில் இருக்கும் மந்தையைப் பார்க்க வழிகாட்டியைவிட அது உதவும்.

ராஜமலை ஆடுகள் மனிதரைப் பார்த்துப் பழகியவை, கைக்கெட்டும் தூரத்தில்கூட வரும். தொடவோ தீனி கொடுக்கவோ கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. கொம்பைப் பிடித்துப் போட்டோ எடுத்தாலே வழக்குப் பாயும். சிப்ஸ் பாக்கெட்டும் வேண்டாம். உப்புச் சுவை பழகிய ஆடு பாக்கெட்டோடு மென்றுவிடும். பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதிலாக எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள்.

அம்மாவுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் வலி தரும். இறங்கும்போது உடல் எடை முழுவதும் முழங்காலில் விழும். அதனால் மேலே எவ்வளவு தூரம் என்பதை ஏறும்போதே முடிவு செய்யுங்கள்: முழங்கால் லேசாகப் பேசத் தொடங்கினாலே அங்கே நின்றுவிட வேண்டும். ரோட்டின் முடிவு வரை போய்த்தான் ஆடு பார்க்க வேண்டும் என்றில்லை, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மேய்வதும் உண்டு. கைத்தடி, பிடிமானமுள்ள ஷூ இரண்டும் அவசியம், செருப்பு வேண்டாம். முதியவர்களுக்குப் பேட்டரி வண்டி அன்றைக்கு ஓடுகிறதா என்று டிக்கெட் கவுன்டரிலேயே கேளுங்கள். கழிப்பறையைப் பஸ் ஏறும் முன் முடித்துக்கொள்வது நல்லது. ராஜமலையில் காற்று குடையை மடக்கிவிடும், எனவே எல்லோருக்கும் ரெயின்கோட் எடுங்கள். மெல்லிய ஸ்வெட்டர் ஏப்ரலிலும் வேண்டும்.

வண்டி விஷயத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து மூணாறு 600 கிலோமீட்டர் வாக்கில். இரவெல்லாம் ஓட்டிவந்த டிரைவரை விடிந்ததும் கொண்டை ஊசி வளைவில் ஏற்றச் சொல்வது பெரிய ஆபத்து. ரயிலில் போய் மலையடிவாரத்தில் வண்டி எடுங்கள். சென்ட்ரலிலிருந்து போடிநாயக்கனூருக்கு வாரத்தில் 3 நாள் இரவு ரயில் இருக்கிறது. அது தோதுப்படாவிட்டால் எழும்பூரிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரை. போடியிலிருந்து போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். பிறகு பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு. சென்னையிலிருந்தே வண்டி பிடித்தால் கட்ட வேண்டிய கிலோமீட்டர் வாடகையில் பாதிக்கு மேல் மிச்சமாகும்.

6 பேருக்கு இன்னோவா மாதிரி 7 சீட் வண்டி போதும். மகளைக் கடைசி வரிசையில் உட்கார வைக்காதீர்கள், அங்கேதான் ஆட்டம் அதிகம். நடு வரிசையில், முன் கண்ணாடி வழியே ரோடு தெரியும்படி உட்காரட்டும். கையில் போன் வேண்டாம். கிளம்பும் முன் வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, பூரி பொங்கல் என்று கனமாகவும் கூடாது. இரண்டு இட்லி போதும். குமட்டல் மாத்திரையைக் குழந்தை மருத்துவரிடம் அளவு கேட்டு, வண்டி ஏறுவதற்கு அரை முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுங்கள். வளைவு தொடங்கியபின் கொடுத்தால் அதுவும் வாந்தியோடு போய்விடும்.

வண்டி மஞ்சள் போர்டாக இருக்க வேண்டும், கேரளாவுக்குள் ஓட்டும் பெர்மிட்டும் இருக்க வேண்டும். ஓன் போர்டு காரை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கையை விரித்துவிடலாம். ரேட் கேட்கும்போது ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்று ஒரே தொகையாக வாங்காமல் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், அதற்கு மேல் போனால் எவ்வளவு, டிரைவர் பேட்டா, பெர்மிட், டோல், பார்க்கிங், பூங்கா டிக்கெட் 6 பேருக்கும் சேர்ந்ததா, வழிகாட்டி கூலி. இப்படிப் பிரித்தாலே வழிகாட்டிக்கு எவ்வளவு போடுகிறார் என்பது வெளியே வந்துவிடும். மழையாலோ வனத்துறை உத்தரவாலோ பூங்கா மூடினால் எது திரும்பக் கிடைக்கும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். இறங்கும்போது டிரைவர் இரண்டாவது கியரில் வருகிறாரா என்று பாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் அது சூடாகிப் பிடிப்பு குறையும். கருகிய வாடை வந்தால் உடனே ஓரங்கட்டிக் கால் மணி நேரமாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

வழிகாட்டிக்குக் கொடுக்க நினைத்த காசை இதே ரோட்டில் இன்னும் கீழே, சின்னாறில் கொடுங்கள். அது தேசியப் பூங்கா அல்ல, வனவிலங்குச் சரணாலயம். அங்கே வனத்துறை ஏற்பாட்டில் உள்ளூர்ப் பழங்குடி மக்கள் வழிகாட்டியாக வருவார்கள். அவர்கள் இல்லாமல் காட்டுக்குள் நடக்க முடியாது, கூட்டிப் போவதும் உண்மையான காட்டுப் பாதையில். மலையின் மழைமறைவுப் பக்கம் என்பதால் ராஜமலையில் ஈரமாக இருக்கும் நாளிலும் இங்கே பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற அணில் இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் வைத்துக் காக்கிறோமே, அதே அணில். காலடி மண்ணைப் பார்த்து எந்த விலங்கு எப்போது போனது என்று சொல்லக்கூடியவர் கூட வரும்போதுதான் வழிகாட்டி என்றால் என்ன என்று உங்கள் மகளுக்குத் தெரியும். அம்மா இந்த நடையைத் தவிர்த்துச் சின்னாறு செக்போஸ்ட் பக்கம் ஒருவர் துணையோடு உட்கார்ந்துகொள்ளலாம்.

எனவே பூங்காவை மூணாறிலிருந்து கிளம்பும் நாளில் வையுங்கள். அறையைக் காலி செய்து பெட்டிகளை வண்டியில் ஏற்றி, முதல் ஸ்லாட்டில் ராஜமலை. பத்தரை, பதினொன்றுக்குள் வெளியே வந்துவிடலாம். அப்படியே மறையூர் ரோட்டில் இறங்கினால் லக்கம் அருவி வழியிலேயே வரும். மறையூரில் சாப்பாடு, வெல்லம் வாங்கலாம், புவிசார் குறியீடு பெற்றது. மதியம் இரண்டு மணி வாக்கில் சின்னாறு நடை. அங்கிருந்து உடுமலைப்பேட்டை, பிறகு கோவை, இரவு சேரன் எக்ஸ்பிரஸ். வண்டியை ‘போடியில் ஏறி கோவையில் இறங்க’ என்றே பேசிக்கொள்ளுங்கள். காலியாகத் திரும்பும் கிலோமீட்டர் யார் கணக்கு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சின்னாறிலிருந்து உடுமலைப் பக்கம் இறங்கும் ரோட்டில் பொழுது சாய்ந்தால் யானை நிற்கும். நாலரை மணிக்குள் செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாது என்று தெரிந்தால் நடையை விட்டுவிட்டு நேரே இறங்குங்கள்.