தலைவர் பட்டியலில் ஏன் எப்போதும் அதே நான்கு பெயர்கள்?

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கிறேன். என் மகள் அங்கே ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மாணவர் தலைவர், வகுப்புத் தலைவர் என்று எதை எடுத்தாலும் ஆண்டுதோறும் ஒரே தெருவைச் சேர்ந்த, நன்றாகப் பேசுகிற, முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகள்தான் வருகிறார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கக் குடியிருப்பிலிருந்து வருபவர்கள் கை தட்டுவதோடு சரி. சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவனுக்கு இதுவரை எந்தப் பொறுப்பும் கிடைத்ததில்லை. கேட்டால், "ஓட்டுப் போட்டுத்தானே தேர்ந்தெடுக்கிறோம்" என்கிறார் தலைமையாசிரியர். பெற்றோர்களாகிய நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் தலைமையாசிரியர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஓட்டுப் பெட்டி வகுப்புக்குள் வருவதற்கு முன்பே பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது. யார் போட்டியிடலாம் என்று விதி எழுதும் இடத்தைப் பாருங்கள். இத்தனை மதிப்பெண், விடுப்பே எடுக்காத வருகைப் பதிவு, மேடையில் தயங்காத பேச்சு என்று மூன்று நிபந்தனைகள் பெரும்பாலான பள்ளிகளில் எழுதியும் எழுதாமலும் இருக்கின்றன. நடவு நாட்களில் தாய் விடியும் முன்பே வயலுக்குப் போய்விட, கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்றுவிடும் அக்காக்களை உங்கள் ஊரிலேயே எண்ணிவிடலாம். வீட்டையே நடத்தப் பழகிய அந்தச் சிறுமி, வருகைப் பதிவேட்டின்படி தலைமைக்குத் தகுதியற்றவள்!

நம் ஊர்களில் தேர்தல் என்றதும் குடவோலையைப் பெருமையாகச் சொல்வார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை முழுதாகப் படித்தால் இரண்டு பாடங்கள் கிடைக்கும். பெயர்களைக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுத்தார்கள். ஒருமுறை வாரியத்தில், அதாவது ஊர்ச்சபைக் குழுவில், இருந்தவர் மூன்றாண்டுகளுக்கு மீண்டும் வர முடியாது. இது நல்ல பாடம். ஆனால் அந்தக் குடத்தில் பெயர் விழவே கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். பெண்களுக்கு இடமே இல்லை. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் வெளியே நின்றவர்கள் வெளியேதான் நின்றார்கள்.

ஆகவே முதல் பாடத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தவிர்த்துவிடுங்கள். மதிப்பெண், வருகை நிபந்தனைகள் வேண்டாம். விருப்பம் தெரிவிக்கும் எவரும் பெயர் தரலாம். பொறுப்பு ஒரு பருவத்துக்கு மட்டும். ஒரு முறை வகித்தவர் அந்த ஆண்டில் மீண்டும் வரக் கூடாது. வகுப்புக்கு ஒரு மாணவி, ஒரு மாணவன் என இருவர் இருக்கட்டும். ஓட்டு வேண்டுமென்றால் மாணவர் தலைவர் பதவிக்கு மட்டும் இரகசிய வாக்கெடுப்பு வையுங்கள். மற்றவற்றுக்குக் குலுக்கலும் சுழற்சியும் போதும். அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் தொடங்கிய மகிழ் முற்றம் என்ற மாணவர் குழுத் திட்டத்தின் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலைக் குழுக்கள் உங்களுக்குக் கூடுதல் வாய்ப்பு. அவற்றின் தலைவர்களையும் ஆசிரியரே கைகாட்டி நிறுத்தினால் பழைய கதைதான்.

அடுத்து, அந்தத் தலைவர் செய்யும் வேலை என்ன? ஆசிரியர் இல்லாதபோது கரும்பலகை ஓரத்தில் "பேசியவர்கள்" என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதுவதும், அடங்காதவர் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவதும்தானே? இதைத் தலைமை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இது காவல் வேலை. ஒடுக்கப்பட்ட குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை இந்தப் பொறுப்பை ஏற்றால் சண்டைதான் மிஞ்சும். நூலகப் புத்தகங்களைக் கொடுத்து வாங்குவது, குடிநீர்த் தொட்டி நிலையைப் பார்த்துச் சொல்வது, சத்துணவு பற்றிய குறைகளைக் கேட்டு மேலாண்மைக் குழுவுக்குக் கொண்டுவருவது என்று வேலையை மாற்றுங்கள். கூடவே, கூட்டிப் பெருக்குவதற்குச் சில பிள்ளைகள், மைக் பிடிப்பதற்குச் சில பிள்ளைகள் என்று பிரிந்து கிடக்கிறதா என்று கவனியுங்கள். கழிவறைப் பக்கம் எந்த மாணவரையும் வேலைக்கு அனுப்பக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

பெரியவர்களுக்கு மிகக் கடினமான பகுதி காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வருகிறது. முதல் முறை செய்தி வாசிக்க வந்த பிள்ளை "நிகழ்ச்சி" என்ற சொல்லில் தடுக்கி நிற்கும். பின்னாலிருந்து ஆசிரியர் உரக்கத் திருத்துவார். வரிசையில் சிரிப்பு எழும். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு பெயரே தராது. வாசிக்க வேண்டிய தாளை முந்தைய நாளே கொடுத்துவிட்டு, காலையில் ஓரமாக ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டால் போதும். மைக் முன்னால் தடுக்கினாலும் பொறுத்திருக்க வேண்டும். பயிற்சி தருவது பெரியவர் வேலை, அப்புறம் வாயை மூடிக்கொள்வதும் அவர் வேலை. மாணவர் கூட்டங்களைப் பள்ளி விட்ட பிறகு வைக்காதீர்கள். மினி பஸ்ஸை நம்பி வருபவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள்.

சக்கர நாற்காலியில் வரும் மாணவனைப் பற்றி ஒன்று. அவனைத் தூக்கி மேடையேற்றிப் புகைப்படம் எடுக்க வேண்டாம். சாய்தளம் அமைக்கும் வரை கூட்டத்தையே தரையில் நடத்துங்கள். எந்தப் பொறுப்பு வேண்டும் என்று அவனிடமே கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத ஆசை ஏதாவது அவனுக்கு இருக்கும்.

"திறமை இல்லாதவரைத் தலைவராக்கினால் என்ன பயன்?" என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். மேற்கு வங்கத்தில் ஊராட்சித் தலைவர் பதவி இரண்டு முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களை ஆராய்ந்து 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எதிர்காலம் பற்றிய ஆசைகளில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இருந்த இடைவெளி, அந்தக் கிராமங்களின் பதின்பருவத்தினரிடையே 32 சதவீதம் குறைந்திருந்தது. யார் நாற்காலியில் உட்காருகிறார் என்பதைப் பார்க்கிற பிள்ளைகளும் மாறுகிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எனவே நீங்கள் தயங்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் கடந்த மூன்றாண்டுகளின் தலைவர் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை மாணவிகள், எந்தெந்தக் குடியிருப்பு, மாற்றுத்திறனாளிகள் உண்டா என்று பாருங்கள். இந்தக் கணக்கு குழுவுக்குள்ளேயே இருக்கட்டும். சாதியைக் குறித்துச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள். "அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறோம்" என்று மேடையில் அறிவிப்பதும் அதே அவமானம்தான். எல்லோருக்கும் முறை வந்தால் யாரும் யாருக்கும் சலுகை காட்டியதாக ஆகாது.

தலைமையாசிரியர் தயங்கினால், ஒரே ஒரு பருவத்துக்கு மட்டும் முயன்று பார்க்கலாம் என்று கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டதும் அதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதி, கூட்டம் கலைவதற்குள் எல்லோரிடமும் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.