தொழில் கேள்வி – பதில்: துளை அளவு, பில் தேதி, ஆள் பற்றாக்குறை

ஓசூர், பர்கூர், பாலக்கோடு, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் சிறிய அளவில் உற்பத்தித் தொழில் நடத்துவோர் எழுதிய கடிதங்களில், பலருக்கும் பொதுவாக உள்ள சிக்கல்களை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே சிக்கலைப் பற்றிப் பலர் எழுதியிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் தந்து, எல்லோருக்கும் பொருந்துமாறு பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: நான்கு சிஎன்சி லேத் (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் இயந்திரம்) வைத்து எஃகு புஷ் (துளையுள்ள உருளை வளையம்) கடைந்து கொடுக்கிறோம். உள்விட்டம் 50 மி.மீ., எச்7 அளவு. எங்கள் கூடத்தில் சரியாக இருக்கும் பாகங்கள், வாங்கும் நிறுவனத்துக்குப் போனதும் ‘கோ கேஜ் நுழையவில்லை’ என்று திரும்பி வருகின்றன (கோ கேஜ் என்பது, துளை மிகச் சிறிதாகிவிட்டதா என்று நுழைத்துப் பார்க்கும் அளவுகோல்). மாதந்தோறும் டெபிட் நோட் (திருப்பிய பாகங்களின் தொகையைக் கழிக்கும் சீட்டு) வருகிறது. ஆபரேட்டரை மாற்றியும் பயனில்லை. – ஓசூர் வாசகர்

பதில்: ஆபரேட்டரை விட்டுவிட்டு, எந்த நேரத்தில் அளக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். 50 மி.மீ. துளைக்கு எச்7 என்றால், அனுமதிக்கப்பட்ட மொத்த வேறுபாடே 25 மைக்ரான்தான். எஃகு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் மீட்டருக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் விரியக்கூடியது. கடைந்து கழற்றிய கையோடு, ஆய்வறையைவிட 15 டிகிரி கூடுதலான சூட்டில் இருக்கும் புஷ்ஷை அளந்தீர்கள் என்றால், துளை 8 முதல் 9 மைக்ரான் வரை பெரிதாகத் தெரியும். அதே பாகம் வாங்குபவரின் குளிரூட்டிய ஆய்வறையில், 20 டிகிரி என்ற வரையறுத்த வெப்பநிலைக்கு வந்ததும், அந்த 9 மைக்ரானும் சுருங்கிவிடும். அனுமதியில் மூன்றில் ஒரு பங்கை வெப்பமே தின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, போரிங் இன்சர்ட்டின் (துளை கடையும் வெட்டுத்துண்டின்) முனை தேயத் தேய உள்துளையும் சிறிதாகிக்கொண்டே போகும். இரண்டு பிழைகளும் ஒரே பக்கம் இழுப்பதால்தான், காலையில் முதல் பீஸ் ஒப்புதல் பெற்ற லாட்டில்கூடப் பிற்பகல் பீஸ்கள் கோ கேஜை ஏற்க மறுக்கின்றன.

சிப்காட் தொழிற்பேட்டையில் இதே அளவு வேலை செய்யும் ஒரு கூடத்தில், இயந்திரத்தை ஒட்டித் தடித்த இரும்புத் தட்டு ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். கழற்றிய புஷ்ஷைத் துடைத்து அதன்மேல் வைக்கிறார்கள். துளையை அளக்கும் போர் கேஜைச் சரிபார்க்க உதவும், அளவு திட்டமாகத் தெரிந்த மாஸ்டர் ரிங்கும் அதே தட்டிலேயே இருக்கிறது. இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகே அளக்கிறார்கள். பதிவேட்டில் ‘ஓகே’ என்று எழுதுவதில்லை, அளவையே எண்ணாக எழுதுகிறார்கள். 50.018, 50.015, 50.011 என்று வரிசை இறங்குவது கண்ணில் பட்டவுடன், இன்னும் இறங்கும் முன்பே ஆபரேட்டர் வெட்டும் நிலையைத் திருத்தி ஆஃப்செட் கொடுத்துவிடுகிறார். இதற்குப் புதிய கருவி எதையும் அவர்கள் வாங்கவில்லை. நீங்கள் இதோடு இன்னொன்றும் செய்ய வேண்டும். மூன்று பீஸ்களில் எண் பொறித்து, உங்கள் அளவையும் வாங்குபவரின் ஆய்வறை அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கி வையுங்கள். இரண்டு கேஜ்களுக்கு இடையே நிலையான வேறுபாடு ஏதும் இருந்தால் அதில் தெரிந்துவிடும். அடுத்த டெபிட் நோட் வரும்போது பேசுவதற்கும் ஆதாரம் இருக்கும்.

கேள்வி: பில் கொடுத்து 90 நாள், 120 நாள் ஆகியும் பணம் வருவதில்லை. கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று அச்சம். வட்டிக்கு வாங்கித்தான் சம்பளம் கொடுக்கிறோம். – ஓசூர் சிப்காட், ஜாப் ஒர்க் (பிற நிறுவனங்களுக்குக் கூலிக்கு உற்பத்தி) செய்பவர்

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மிக வருத்தமாக இருந்தது உங்களுடையதுதான். வராத பணத்துக்கும் அடுத்த மாதமே ஜிஎஸ்டி கட்டுகிறீர்கள். அதாவது, வாங்கும் நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடனும் கொடுத்து, அவர்களுக்கான வரியையும் முன்கூட்டியே கட்டுகிறீர்கள். சட்டம் இதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்கு மேற்படாமல் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள்தான். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும்.

பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. சரக்கைப் பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கவில்லை என்றால், பெற்ற நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கொள்கிறது. ஆகவே, டெலிவரி சலானில் முத்திரையும் தேதியும் இல்லாமல் வண்டியைத் திருப்பிக் கொண்டுவராதீர்கள். ‘குவாலிட்டியில் நிற்கிறது’ என்று மூன்றாவது மாதம் வாய்மொழியாகச் சொன்னால், அந்த முத்திரைதான் உங்களைக் காப்பாற்றும். குறு, சிறு நிறுவனமாக அரசிடம் பதிந்த உத்யம் பதிவு எண்ணைப் பில்லிலேயே அச்சிடுங்கள். அந்தப் பதிவு சப்ளைக்கு முன்பே இருப்பது பாதுகாப்பு. 2024 ஏப்ரல் 1 முதல் வந்த வருமான வரித் திருத்தப்படி, இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாக வாங்குபவர் காட்ட முடியாது. பணம் கொடுக்கும் ஆண்டில்தான் காட்ட முடியும். பிப்ரவரி மாதத்திலேயே நிலுவைப் பட்டியலை, தேதிகளோடு, அவர்களுடைய கணக்குப் பிரிவுக்குப் பணிவான கடிதமாக அனுப்புங்கள். கொள்முதல் பிரிவிடம் கெஞ்சிப் பெற முடியாததை, மார்ச் மாதத்தில் கணக்குப் பிரிவு தானாகவே முன்வந்து தீர்த்துவைப்பது உண்டு.

வாங்குபவர் பெரிய நிறுவனம் என்றால், சிறு நிறுவனங்களின் பில்லுக்கு முன்கூட்டியே பணம் பெற உதவும் ட்ரெட்ஸ் இணையத் தளத்தைப் பற்றிக் கேளுங்கள். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் அதில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர்கள் உங்கள் பில்லை அங்கே ஏற்றுக்கொண்டால், வங்கிகள் போட்டியிட்டு வட்டியைக் கழித்துக்கொண்டு பணம் கொடுக்கும்; வாங்குபவர் பிறகு தவறினாலும் வங்கி உங்களிடம் திருப்பிக் கேட்காது. நிலுவைத் தகராறுகளை விசாரிக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் புகார் கொண்டுபோவது கடைசி வழி. ஒரே வாங்குபவரை நம்பிப் பாதிக்கு மேல் விற்றுமுதல் இருக்கும்வரை அந்த வழியில் போக உங்களுக்குத் துணிவு வராது என்பது எனக்குத் தெரியும். அதனால், இரண்டாவது, மூன்றாவது வாங்குபவரைத் தேடுவதையும் பணம் வசூலிக்கும் வேலையின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும்.

கேள்வி: மின்கட்டணம் தாங்கவில்லை. சோலார் போடலாமா? – பர்கூர் வாசகர்

பதில்: போடலாம், அதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இயந்திரங்கள் எல்லாம் நின்றிருக்கும்போது காற்றழுத்தக் கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு, குழாய்களில் காற்று கசியும் ஓசை வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. அளவுள்ள ஒரே ஓட்டை, ஏறத்தாழ 3 கிலோவாட் மின்சாரத்தை இரவும் பகலும் வீணாக்கும். தேவைக்கு மேல் வைத்திருக்கும் அழுத்தத்தை ஒரு பார் குறைத்தால், கம்ப்ரசரின் செலவில் 6 முதல் 7 சதவீதம் வரை மிச்சம். கசிவை அடைத்த பிறகு வரும் பில்லை வைத்துச் சோலாரின் அளவை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பழக்கிவிட்ட ஆள் ஆறு மாதத்தில் பெரிய கம்பெனிக்குப் போய்விடுகிறார். உள்ளூரில் ஆளே கிடைப்பதில்லை. – ஓசூர் வாசகர்

பதில்: சம்பளத்தில் பெரிய கம்பெனியோடு நீங்கள் போட்டியிட முடியாது. ஆனால், ஆள் போவதற்குச் சம்பளம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், முறையாகக் கணக்கிடாத ஓவர்டைம், வாரத்துக்கு வாரம் மாறும் விடுமுறை, ஒழுங்கான கழிப்பறை இல்லாத கூடம் ஆகியவை, ஊரிலிருந்து பேருந்தில் வரும் இளைஞரை ஆறு மாதத்தில் களைப்படையச் செய்துவிடும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து ஏராளமான பெண்கள் கம்பெனிப் பேருந்துகளில் ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போய்வருகிறார்கள். ‘ஆளே இல்லை’ என்று சொல்லும் சிறிய கூடங்கள் பலவும் பெண்களை நினைத்துப் பார்த்ததே இல்லை. பக்கத்துக் கூடங்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு வேன் அமர்த்திப் பாருங்கள். ஐடிஐ முடித்தவர்களைத் தேசியப் பயிற்சியாளர் திட்டத்தில் எடுத்தால், உதவித்தொகையின் ஒரு பகுதியை, உச்சவரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசு ஏற்கிறது. அப்படியும் சிலர் போகத்தான் செய்வார்கள். ஒவ்வொரு இயந்திரத்தின் செட்டிங்கையும் குறைந்தது மூன்று பேருக்குக் கற்றுக்கொடுத்து, செய்முறையைப் படத்தோடு தாளில் எழுதி இயந்திரத்திலேயே மாட்டிவைத்தால், ஒருவர் போனதற்காக உற்பத்தி நிற்காது.

கேள்வி: மாம்பழக்கூழ் ஆலை நடத்துகிறோம். ஆண்டில் மூன்று மாதம்தான் ஓட்டம். மீதி மாதங்களில் தக்காளி அரைக்கலாமா? – கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் விலை விழும்போது தக்காளியைச் சாலையோரம் கொட்டுவதைப் பார்க்கும் எவருக்கும் இந்த எண்ணம் வரும். கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள். சந்தைக்கு விளையும் தக்காளியில் கரைந்த திடப்பொருள் 4 முதல் 5 பிரிக்ஸ்தான் (ஏறத்தாழ அத்தனை சதவீதம்) இருக்கும். விற்பனையாகும் பேஸ்ட் 28 பிரிக்ஸ் அளவில் இருக்க வேண்டும். ஆகவே, ஒரு கிலோ பேஸ்டுக்கு ஆறு கிலோவுக்கு மேல் பழம் வேண்டும், மீதித் தண்ணீரையெல்லாம் ஆவியாக்க எவாப்பரேட்டரும் அதற்கான நீராவியும் வேண்டும். தோத்தாபுரி மாம்பழக் கூழைச் செறிவாக்காமல் நிரப்பும் ஆலையில் அந்த வசதி இருக்காது. கொய்யாக்கூழ் உங்கள் இயந்திரங்களுக்கு நெருக்கமானது. விதைக்கு ஏற்ற நுண்ணிய சல்லடை மாற்றினால் பெரும்பாலும் அதே லைனில் ஓட்டலாம். முதல் ஆண்டில் கொய்யாவோடு தொடங்கி, வாங்குபவரிடம் எழுத்தில் ஆர்டர் பெற்ற பிறகு தக்காளியை யோசிக்கலாம்.

கேள்வி: எங்கள் பாகங்கள் எல்லாம் பெட்ரோல் வண்டி எஞ்சினுக்கானவை. மின்வண்டி வந்தால் நாங்கள் என்ன ஆவது? – ஓசூர் வாசகர்

பதில்: போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின்ஸ்கூட்டர்கள் உற்பத்தியாகி வெளியே வருவதை நீங்களே பார்க்கிறீர்கள், ஆகவே, இந்தக் கேள்வியை ஒத்திப்போடுவதற்கில்லை. பெட்ரோல் வண்டிகள் நாளையே நின்றுவிடப் போவதும் இல்லை. நீங்கள் செய்யும் பாகங்களின் டிராயிங்குகளை மேசையில் பரப்பி இரண்டாகப் பிரியுங்கள். பிஸ்டன், வால்வு, கிளட்ச், கியர், சைலன்சர் சார்ந்தவை ஒரு பக்கம். பிரேக், ஆக்சில், வீல் ஹப், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் சார்ந்தவை, அதாவது எந்த வண்டிக்கும் வேண்டியவை, மறுபக்கம். முதல் பக்கத்திலிருந்து வரும் வருமானம் பாதிக்கு மேல் என்றால், இந்த ஆண்டே இரண்டாம் பக்கத்துப் பாகங்களுக்கும், மின்வண்டிக்கே உரிய மோட்டார் ஷாஃப்ட், அலுமினிய மோட்டார் ஹவுசிங் போன்றவற்றுக்கும் விலைப்புள்ளி கொடுக்கத் தொடங்குங்கள். ஷாஃப்ட் கடைய உங்கள் லேத்துகளே போதும். ஹவுசிங்குக்குத்தான் மெஷினிங் சென்டர் வேண்டியிருக்கும். மாதிரிப் பாகம் கொடுத்து ஒப்புதல் பெறவே பல மாதங்கள் பிடிக்கும் என்பதால் முயற்சியை இப்போதே தொடங்குங்கள். புதிய இயந்திரத்துக்கு வங்கியில் கடன் கேட்பது அந்த ஒப்புதல் கைக்கு வந்த பிறகு இருக்கட்டும்.