பிரிண்டர் ‘ஆஃப்லைன்’, ஸ்கேன் ஃபோல்டர் காலி

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 12 கணினிகளும் ஒரு விண்டோஸ் ஃபைல் சர்வரும் உள்ளன. நெட்வொர்க் பிரிண்டரை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகச் சேர்த்திருக்கிறோம். கரன்ட் போய் வந்தால் பலருக்கு ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. சர்வரைப் புதிதாக மாற்றியதிலிருந்து, ஸ்கேன் செய்வதும் ஃபோல்டருக்குப் போய்ச் சேருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பிரிண்டரின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குரிய எண்) பாருங்கள். டிஹெச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறை) வழியாக வாங்கும் முகவரி மறுபடி ஆன் ஆகும்போது மாறலாம். கணினிகளோ பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பிரிண்டரின் நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட்டால் மேக் முகவரி (அந்தச் சாதனத்துக்கே உரிய அடையாள எண்) அதில் இருக்கும். அதை ரவுட்டரில் கொடுத்து, 192.168.1.20 போல ஓர் எண்ணை ரிசர்வ் செய்துவிடுங்கள். பிரிண்டரிலேயே எண்ணை அமைப்பதென்றால், டிஹெச்சிபி வரம்புக்கு வெளியே உள்ள எண்ணாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அதே எண் யாருடைய லேப்டாப்புக்காவது போய், இரண்டும் தகராறு செய்யும்.

அடுத்து, பிரிண்டரைச் சர்வரில் மட்டும் நேரடியாகச் சேருங்கள். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துக் காட்டுவதை ஏற்காதீர்கள். அது பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி (சாதனங்களைத் தானாகக் கண்டறியும் முறை) போர்ட்டில் போய் உட்காரும். ‘ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்’ என்பதைத் தேர்ந்து எண்ணைக் கொடுங்கள். புரோட்டோகால் ‘ரா’, போர்ட் 9100. அதே திரையில் பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்’ டிக்கை எடுத்துவிடுங்கள். பிரிண்டர் நன்றாக இருந்தும் ஆஃப்லைன் என்று காட்டுவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. பிறகு இடைவெளி இல்லாத சிறு பெயரில் ஷேர் செய்து, மற்ற கணினிகளில் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டு, சர்வர் வழியாக இணையுங்கள்.

இணைக்கும்போது அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். 2021 ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்து டிரைவர் நிறுவ அந்த அனுமதி தேவை. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) அதை முடக்கும் வழியைச் சிலர் சொல்வார்கள், செய்யவே வேண்டாம். அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் பிரிண்ட் ஸ்பூலரில் கண்டுபிடிக்கப்பட்ட மோசமான ஓட்டையை அடைக்கத்தான் அந்தக் கட்டுப்பாடு வந்தது. கணினிக்கு ஒருமுறை அட்மின் வந்து நிறுவினால் வேலை முடிந்தது.

ஸ்கேன் நின்றதற்குப் பெரும்பாலும் எஸ்எம்பி 1 (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறையின் பழைய பதிப்பு) காரணமாக இருக்கும். பழைய பிரிண்டர்கள் பல அது ஒன்றையே பேசும். புதிய விண்டோஸ் சர்வர்களில் அது இயல்பாகவே கிடையாது. 2017-இல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான், எனவே ஸ்கேனுக்காக அதைத் திரும்ப இயக்காதீர்கள். பிரிண்டரின் ஃபர்ம்வேரை (அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்து, அமைப்பில் எஸ்எம்பி 2 அல்லது 3 வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ஸ்கேனை மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்.

எஸ்எம்பி 2 இருந்தும் போகவில்லையென்றால், அனுமதியைச் சரிபாருங்கள். ஸ்கேனுக்கென்று தனிப் பயனர் கணக்கு வைத்து, அந்த ஒரே ஃபோல்டரில் மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள். ஷேரிங், செக்யூரிட்டி ஆகிய இரண்டு டேபிலும் கொடுக்க வேண்டும். ஒன்றை விட்டால் ஸ்கேன் போகாது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் காலாவதியாகாதபடி அமைத்துவிடுங்கள்.