ஸாஸேல் முத்திரை: 30-ஐ எங்கே வைப்பது?

சனிக் கிரகத்தின் ஆவி என்று மந்திர நூல்கள் சொல்லும் ஸாஸேலின் பெயரை எண்களாக்கி, சனிச் சதுரத்தில் (1 முதல் 9 வரையுள்ள மாயச் சதுரம்) அந்த எண்களைக் கோட்டால் இணைத்தால் அதன் முத்திரை கிடைக்கும். சதுரத்தில் 9-க்கு மேல் எண்ணே இல்லை, அப்புறம் லாமெத் என்ற எபிரேய எழுத்தின் 30-ஐ எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். பூஜ்யத்தைத் தட்டிவிடுங்கள் நண்பரே, 30 என்றால் 3.

எபிரேயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. ஸாஸேல் என்பது ஸயின், ஆலெஃப், ஸயின், லாமெத்: 7, 1, 7, 30. கூட்டினால் 45. சதுரத்தின் ஒன்பது எண்களையும் கூட்டிப் பாருங்கள், அதுவும் 45. 1533-ல் அச்சான, மந்திரக்கலை பற்றி எழுதிய அக்ரிப்பாவின் நூலிலேயே இந்தப் பொருத்தம் இருக்கிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, மேலிருந்து 4 9 2, 3 5 7, 8 1 6 என்று எழுதி, அதன் மேல் மெல்லிய தாளை வையுங்கள். 7-ல் சின்ன வட்டம் போட்டுத் தொடங்கி, 1-க்கு இறங்கி, மறுபடி 7-க்கு ஏறி, 5-ஐக் கடந்து நேராக 3-க்குப் போங்கள். அங்கே குறுக்காக ஒரு சிறு கோடு. 7-க்கும் 1-க்கும் நடுவே போன வழியிலேயே திரும்புவதால் ஒற்றைக் கோடாகத்தான் தெரியும், அது தப்பில்லை.