நான்கா, ஐந்தா, ஏழா? பள்ளியில் சேரும் வயது: கேள்வி பதில்

கேள்வி: ஐரோப்பாவில் மிகச் சிறு வயதிலேயே பள்ளியைக் கட்டாயமாக்கிய நாடு எது?

பதில்: சட்டத்தை மட்டும் பார்த்தால் பிரான்சையும் ஹங்கேரியையும் சொல்லலாம், இரண்டிலும் மூன்று வயதிலேயே கட்டாயம். ஆனால் பிரான்சில் 2019 முதல் கட்டாயமான அந்த ஆண்டுகள் மழலையர் பள்ளியில் கழிகின்றன; முதல் வகுப்பு ஆறு வயதில்தான். தொடக்கப்பள்ளியையே கணக்கில் கொண்டால் வட அயர்லாந்துதான் முந்துகிறது. ஜூலை 1-க்குள் நான்கு வயது நிறைந்த குழந்தை அந்தச் செப்டம்பரிலேயே சேர வேண்டும். ஏப்ரல் 1 முதல் ஜூலை 1 வரை பிறந்தவர்கள் ஓராண்டு காத்திருக்கலாம் என்ற சலுகை 2022-இல்தான் வந்தது.

கேள்வி: இங்கிலாந்து ஐந்து வயதைத் தேர்ந்தெடுத்ததற்குக் குழந்தை உளவியல் காரணமா?

பதில்: இல்லை. அந்த வயது 1870-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் வந்தது. சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் முடித்து வேலைக்குப் போகலாம் என்பதும், தெருவில் திரியும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதும் அன்றைய வாதங்கள். இன்று நடைமுறை அதற்கும் முந்திவிட்டது: பெரும்பாலோர் நான்கு வயது நிறைந்தபின் வரும் செப்டம்பரிலேயே, முதல் வகுப்புக்கு முந்தைய ‘ரிசப்ஷன்’ வகுப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆகஸ்ட் 31-இல் பிறந்த குழந்தையும், அதற்கு முந்தைய செப்டம்பர் 1-இல் பிறந்த குழந்தையும் ஒரே வகுப்பில் அமர்வார்கள்; நான்கு வயதில் ஓராண்டு இடைவெளி என்பது வாழ்நாளில் கால் பங்கு.

கேள்வி: ஜப்பானில் ஏப்ரல் 1-இல் பிறந்த என் தங்கை மகனை முந்தைய ஆண்டுப் பிள்ளைகளோடு சேர்க்கச் சொல்கிறார்களே, தவறில்லையா?

பதில்: தவறில்லை. பிறந்தநாளுக்கு முந்தைய நாள் முடியும்போதே வயது நிறைகிறது என்பது அங்குள்ள சட்டம். எனவே அவனுக்கு மார்ச் 31-லேயே ஆறு நிறைகிறது. ஏப்ரலில் தொடங்கும் கல்வியாண்டில் வகுப்பிலேயே இளையவன் அவனாக இருப்பான்.

கேள்வி: பின்லாந்தில் ஏழு வயதில் தொடங்குவதுதான் அவர்களது கல்வி வெற்றிக்குக் காரணமா?

பதில்: வயதை மட்டும் பிரித்தெடுத்துப் பார்ப்பது ஏமாற்றும். பின்னிய மொழியில் எழுத்தும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று பொருந்துவதால், பிள்ளைகள் சில மாதங்களிலேயே வாசிக்கப் பழகிவிடுகிறார்கள். ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற எழுத்துக்கூட்டல் அந்த வேகத்தைத் தராது. மேலும், ஏழுக்கு முந்தைய ஓராண்டு முன்பள்ளி அங்கே 2015 முதல் கட்டாயம். சிங்கப்பூரிலும் ஏழு வயது நிறையும் ஆண்டில்தான் முதல் வகுப்பு. ஆனால் அதற்குள் அங்குள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் மழலையர் வகுப்பில் எழுத்தும் எண்ணும் கற்றிருப்பார்கள். இரு நாட்டிலும் வயது அதேதான், அதற்கு முந்தைய வாழ்க்கை வேறு.

கேள்வி: தொடங்கும் வயதை மாற்றிப் பார்த்த நாடுகள் உண்டா?

பதில்: நார்வே 1997-இல் ஏழிலிருந்து ஆறாக்கியது, அது நிலைத்தது. போலந்து ஆறாக்கிவிட்டு, பெற்றோர் எதிர்ப்பால் 2016-இல் மீண்டும் ஏழுக்கே திரும்பியது. தென்கொரியாவில் 2022-இல் ஐந்தாக்கலாம் என்ற யோசனையை வெளியிட்ட கல்வியமைச்சர், அடுத்த சில நாள்களிலேயே பதவி விலகினார்.

கேள்வி: சென்னையில் ஐந்து வயதில் முதல் வகுப்பில் சேர்ந்து முடித்த மகளுடன் பின்லாந்தின் ஹெல்சிங்கி செல்கிறோம். ஆறு வயதான அவளை அங்கே கீழே இறக்கிவிடுவார்களா?

பதில்: அங்கே பிறந்த ஆண்டைப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள், எனவே இந்த ஆண்டிலேயே ஏழு நிறைகிறது என்றால் முதல் வகுப்பு; இல்லையென்றால் அவள் முன்பள்ளிக்குத்தான் செல்வாள். அதைத் தண்டனையாக எண்ண வேண்டாம். எல்லாப் பருவத்திலும் வெளியில் விளையாடுவது அங்கே அன்றாட வழக்கம் என்பதால், இப்போதைக்கு வாய்ப்பாட்டை விட்டுவிட்டு, குளிருடையையும் காலணியையும் தானே அணியப் பழக்குங்கள்.