கியோட்டோவில் ஒரே ஒரு நாள்: கோயில், தோட்டம், வழிகாட்டி பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஜப்பான் வரும் நம்மவர்கள் பலர் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நாட்களைக் கொடுத்துவிட்டு, கியோட்டோவுக்கு ஒரு நாளை மட்டும் ஒதுக்குகிறார்கள். நான் இந்த ஊரில் குடியிருப்பவன். வரும் உறவினர்களையும் நண்பர்களையும் சுற்றிக்காட்டுவது எனக்குப் பிடித்த வேலை. அந்த ஒரு நாளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஒரே நாளில் எட்டு இடம் காட்டுகிறோம் என்று ஒரு பஸ் டூர் சொல்கிறது. பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள் தம்பி. 794-இல் தலைநகரான ஊர் இது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் அரசர்கள் இங்கேதான் இருந்தார்கள். 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நினைவிடங்கள் மட்டுமே, பக்கத்து ஊர்களையும் சேர்த்து 17. எட்டு இடம் என்றால் ஒவ்வொன்றிலும் வண்டியை விட்டு இறங்கி வாசல் வரை நடந்து, படம் எடுத்துத் திரும்பத்தான் நேரம் இருக்கும். நான் அழைத்துப் போனால் நான்கு இடம்தான்: விடியலில் ஃபுஷிமி இனாரி, அடுத்து சஞ்சூசங்கென்தோ, மதியத்துக்கு மேல் ரியோவான்ஜி, கடைசியாக கின்காகுஜி. ஜப்பானின் பூர்வீக மதமான ஷிந்தோவின் கோயில் ஒன்று, ஒரு சிலை மண்டபம், ஒரு கல் தோட்டம், ஒரு குளத்துத் தோட்டம். உட்கார்ந்து பார்க்க நேரம் வேண்டும். கியோட்டோவின் தோட்டங்கள் உட்கார்ந்து பார்ப்பதற்காகவே போடப்பட்டவை.

கேள்வி: ஃபுஷிமி இனாரியில் எப்போதும் கூட்டம் நெரிகிறதாமே? சிவப்பு வாசல்களுக்கு நடுவே ஒரு படமாவது எடுக்க முடியுமா?

காலை ஆறரை மணிக்கு அங்கே இருங்கள். கட்டணம் கிடையாது, மலைப்பாதை இரவு பகல் திறந்தே இருக்கும். கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து ஜேஆர் நாரா லைனில் இரண்டாவது நிறுத்தம். ஒன்பது மணிக்கு மேல் கீழ்ப்பகுதியில் நகரக்கூட இடம் இருக்காது.

711-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கோயில் இது. இனாரி நெல்லுக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வம்; பிற்காலத்தில் வணிகர்களின் தெய்வமும் ஆனது. அங்கங்கே நிற்கும் நரிச் சிலைகள் அந்தத் தெய்வத்தின் தூதர்கள். வாயில் நெற்கதிரோ சாவியோ கவ்வியிருக்கும் நரிகளைத் தேடிப் பாருங்கள். தோரி என்னும் வாசல்கள் எல்லாமே பக்தர்களும் நிறுவனங்களும் நேர்ந்துகொண்டு கொடுத்தவை. ஏறும்போது வெறும் சிவப்பாகத் தெரியும். இறங்கும்போதுதான் தூணின் பின்பக்கத்தில் கொடுத்தவர் பெயரும் தேதியும் கறுப்பு எழுத்தில் வரிசையாகத் தெரியும். மரம் என்பதால் உளுத்துப்போகும், எடுத்துவிட்டுப் புதிது நடுவார்கள். மலை 233 மீட்டர்தான், ஆனால் உச்சி வரை போய்வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதி வழியில் நகரம் தெரியும் இடம் வரை போனால் போதும்.

கேள்வி: சஞ்சூசங்கென்தோவில் நம் ஊர் தெய்வங்கள் இருப்பதாகப் படித்தேன். உண்மையா?

உண்மைதான் அம்மா. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த இடமும் இதுதான். 120 மீட்டர் நீள மர மண்டபம். நடுவில் அமர்ந்த கோலத்தில் ஒரு பெரிய கன்னோன், இருபுறமும் ஐந்நூறு ஐந்நூறாக நின்ற கோலத்தில் ஆயிரம், ஆக 1001. கட்டியது 1164-இல்; 1249 தீயில் எரிந்து, 1266-இல் மீண்டும் எழுந்தது. நின்ற சிலைகளில் 124 அந்தத் தீயிலிருந்து மீட்டவை. நடுவில் இருக்கும் சிலையைத் தன் எண்பதுகளில் செதுக்கியவர் தன்கெய் என்ற சிற்பி.

கன்னோன் என்பவர் பௌத்தத்தில் கருணையின் வடிவான அவலோகிதேஸ்வரர். அகத்தியர் தமிழைக் கேட்டது அவலோகிதனிடம் என்று வீரசோழியம் என்ற தமிழ் இலக்கண நூலின் பாயிரம் சொல்கிறதே, அந்த அவலோகிதன்தான். அந்த வரி தெரிந்த ஒரு தமிழர் இந்த மண்டபத்துக்குள் நடப்பதும், பஸ் டூரில் வந்து எட்டு நிமிடத்தில் படியிறங்குவதும் ஒன்றாகாது.

ஆயிரம் சிலைகளுக்கு முன்வரிசையில் 28 காவல் தெய்வங்கள். பிரம்மா போன்தென் ஆகவும், இந்திரன் தைஷாகுதென் ஆகவும் நிற்கிறார்கள். கருடன் புல்லாங்குழல் ஊதுகிறார். அவர் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். இரு ஓரங்களிலும் காற்றுக்கும் இடிக்கும் உரிய தெய்வங்கள் மேகத்தின் மேல். உள்ளே படம் எடுக்கக்கூடாது, அதனால் கண்ணால் நன்றாகப் பார்ப்பீர்கள்.

இனாரியிலிருந்து கெய்ஹான் ரயிலில் ஷிச்சிஜோ வந்து இறங்கினால் நடக்கிற தூரம்.

கேள்வி: ரியோவான்ஜியில் வெறும் கல்லும் சரளையும்தானே? அதற்கு டிக்கெட் எடுத்து என்ன பார்ப்பது?

நல்ல கேள்வி. 1450-இல் ஹொசொகாவா கத்சுமோத்தோ என்ற பிரபு தொடங்கிய ஜென் மடம் இது. தோட்டத்தை அமைத்தவர் யார் என்பது இன்றும் முடிவாகாத விவாதம். சுமார் 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். வெள்ளைச் சரளையில் 15 கற்கள், ஐந்து கூட்டமாக. திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்துவிடும். பெரும்பாலான வழிகாட்டிகள் இதைச் சொல்லி எண்ணவைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எண்ணி முடித்த பிறகும் உட்கார்ந்திருங்கள். சரளையில் வாரிய கோடுகளைப் பாருங்கள், கற்களின் காலடியில் இருக்கும் பாசியைப் பாருங்கள். பின்னால் இருக்கும் மண்சுவரையும் விடாதீர்கள்: எண்ணெயில் கொதிக்கவைத்த களிமண், காலப்போக்கில் எண்ணெய் கசிந்து தானாகவே இந்தக் கோலம் வந்தது. அரை மணி நேரம் கொடுங்கள். திண்ணையை விட்டு எழுந்ததும் ஓடிவிடாமல் வெளியே இருக்கும் குளத்தையும் ஒரு சுற்று வாருங்கள்.

கேள்வி: கின்காகுஜியில் இருப்பது பழைய கட்டடம் இல்லையாமே?

ஆமாம். அஷிகாகா யோஷிமித்சு என்ற ஆட்சியாளர் 1397-இல் தொடங்கிய மாளிகைத் தொகுதியில் நின்ற பொன் மண்டபத்தை 1950-இல் ஓர் இளம் துறவி எரித்துவிட்டார். இப்போது இருப்பது 1955-இல் கட்டியது. 1987-இல் பொன் தகட்டைப் புதுப்பித்தார்கள். மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். குளமும் மரங்களும் சேர்ந்ததுதான் அழகு, அதனால் போகலாம். முக்கால் மணி நேரம் தாராளம்.

கேள்வி: போதிதர்மரைப் பார்க்க எங்கே போகலாம்?

நகரின் மேற்கே அராஷியாமாவில் இருக்கும் தென்ரியூஜி என்ற ஜென் மடம். உள்ளே நுழைந்ததும் எதிரே பெரிய தருமா ஓவியம்; போதிதர்மரை இங்கே தருமா என்பார்கள். அவரைத் தென்னிந்திய இளவரசர் என்கிறது மரபு, காஞ்சிக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடுவதும் அதனால்தான். அங்கே 14-ஆம் நூற்றாண்டில் முசோ சோசெகி என்ற ஜென் துறவி அமைத்த குளத்துத் தோட்டம் இருக்கிறது. பின்னால் இருக்கும் மலையையும் தோட்டத்தோடு சேர்த்தே பார்க்கும்படி அமைத்திருக்கிறார். இங்கே போவதானால் கின்காகுஜியை விட்டுவிடுங்கள். இரண்டையும் திணிக்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். மதியம் என்ன செய்வது?

மீன் துண்டு இல்லை என்பதை மட்டும் நம்பி எதையும் சாப்பிடாதீர்கள். மிசோ சூப், உதோன் நூடுல்ஸ், பெரும்பாலான குழம்புகள் எல்லாவற்றிலும் தாஷி என்ற சாறு இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுப்பது. ஷோஜின் ரியோரி என்று கேளுங்கள்: மடத்துச் சாப்பாடு. கடற்பாசியிலும் காளானிலும் சாறு எடுப்பார்கள், வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. தென்ரியூஜி வளாகத்துக்குள்ளேயே ஷிகெட்சு என்ற உணவுக்கூடம் இருக்கிறது, முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் போகாவிட்டால் ஹோட்டல் அறையில் சாதம் கட்டிக்கொண்டு வருவதே நிம்மதி.

கேள்வி: எப்படிக் கும்பிடுவது? தவறாக ஏதும் செய்துவிடக்கூடாதே.

ஷிந்தோ கோயிலில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மீண்டும் ஒரு முறை குனிய வேண்டும். பௌத்தக் கோயிலில் கைதட்டக்கூடாது; நாம் கும்பிடுகிற மாதிரியே கைகூப்பினால் போதும். செருப்பைக் கழற்றும் இடங்கள் உண்டு, சாக்ஸ் போட்டு வாருங்கள். குளிர்காலத்தில் மரத்தரை ஐஸாக இருக்கும்.

கேள்வி: வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது சார்?

2018-இலிருந்து தேசிய உரிமம் இல்லாதவர்களும் பணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டலாம் என்று சட்டம் மாறிவிட்டது. உரிமம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், அதில் தப்பில்லை. இன்னொன்று, ரியோவான்ஜியில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று கேளுங்கள். பதினைந்து நிமிடம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். செலவு அதிகம் என்றால் குட்வில் கைடு என்னும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பயணச் செலவு, நுழைவுக் கட்டணம், சாப்பாடு இவற்றை மட்டும் நாம் பார்த்துக்கொள்வது வழக்கம். டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் இங்கே இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்து வரலாமா?

தாராளமாக. இனாரியில் முன்கோயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சஞ்சூசங்கென்தோ சமதளம், அவருக்கு மிகவும் பிடிக்கும். ரியோவான்ஜிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு போகவிடாமல் டாக்ஸி பிடியுங்கள். கியோமிசுதேரா என்ற மலைச்சரிவுக் கோயிலை மட்டும் தவிர்க்கலாம். 13 மீட்டர் உயர மர மேடை அருமையானதுதான், ஆனால் அங்கே போகும் தெரு முழுக்க ஏற்றம்.

கேள்வி: எந்த மாதம் வரலாம்?

மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம் சகுரா என்னும் செர்ரிப் பூக்கள். நவம்பர் இரண்டாம் பாதியில் மேப்பிள் சிவப்பு. இரண்டிலும் கூட்டம் தாங்காது. என்னைக் கேட்டால் ஜூன் மழையில் வாருங்கள். பாசி அப்போதுதான் பச்சையாகப் பொங்கி நிற்கும், திண்ணையிலும் இடம் கிடைக்கும். ஒரு குடையும் இன்னொரு ஜோடி சாக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள்.